லூர்துராஜின் ரைட் டைம்

சமையலறை வாசலில் வலது காலைத் தூக்க முடியாமல் நின்றபடியே லூர்துராஜ் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். “ஹனூர் வண்டி ஹால்ட்” என்று அறிவிக்கிறார். மனைவி விக்டோரியா, தரையில் சாக்பீஸால் போட்டிருக்கும் கோட்டைக் காலால் தட்டிக் காட்டுகிறார். “இதைத் தாண்டுங்க, கன்ட்ரோலரே.” கால் எழும்பிவிடுகிறது. வெறும் தரையில் எழும்பாத கால் கோட்டைக் கண்டால் மட்டும் எப்படி எழும்புகிறது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

மைசூர் பஸ் நிலையத்தில் இருபத்தெட்டு வருடம் கன்ட்ரோலராக இருந்து வண்டிகளை அனுப்பியவர். பார்க்கின்சன் வந்து ஒன்பது வருடம். ஒரு நாளைக்கு ஆறு வேளை மாத்திரை. அது வேலை செய்தால் “வண்டி மூவ்.” அதன் வேகம் தீர்ந்துபோனால் ஹால்ட்.

இதே நோயோடு இருந்து இறந்துபோன என் அப்பாவுக்கு வாங்கி மீந்த மாத்திரைகளைக் கொடுக்கத்தான் முதலில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஒவ்வொரு அட்டையிலும் தேதியைப் பார்த்து வாங்கிக்கொண்டார். “அப்பா எத்தனை மணிக்குப் போடுவாரு?” என்றார். துக்கம் கேட்க வந்தவர்கள் யாரும் கேட்காத கேள்வி அது. காலை ஐந்தரை என்றேன். “ஃபர்ஸ்ட் பஸ்” என்று தலையாட்டினார்.

இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கும் மகள் நிம்மி, கிறிஸ்துமஸ் லீவில் வந்தபோது ஒரு பம்ப்பைப் பற்றிச் சொன்னாள். சின்ன ரேடியோ அளவு. இடுப்பில் மாட்டிக்கொண்டால் வயிற்றுத் தோலுக்கடியில் ஊசி வழியாகப் பகல் முழுக்க மருந்து இறங்கும். மருந்தை அவளே அனுப்புவாள். தினமும் காலையில் ஊசி குத்த வேண்டியது விக்டோரியா.

“இடுப்புல பை மாட்டிக்க நான் என்ன கண்டக்டரா?” என்று லூர்துராஜ் சிரிக்கவைத்தார். பெங்களூர் டாக்டர் சிரிக்கவில்லை. எப்போது நடக்கிறார், எப்போது உறைகிறார் என்று ஒரு வாரம் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். மாத்திரையே போதுமா, பம்ப் வேண்டுமா என்பதை அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வாராம்.

லூர்துராஜ் எழுதினார். டிரிப் ஷீட் மாதிரியே கோடு போட்டு, புறப்பாடு, வருகை, குறிப்பு. நான் போயிருந்த சனிக்கிழமை விக்டோரியா அதை மேஜையில் விரித்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“திங்கக்கிழமை பத்தரையிலேருந்து பன்னண்டு வரைக்கும் பாத்ரூம் வாசல்ல நின்னீங்க. இங்க ரைட் டைம்னு இருக்கு!”

“கொஞ்சம் லேட்டுக்கெல்லாம் லேட்னு எழுத மாட்டோம்மா. பாவம், டிரைவருக்கு மெமோ வரும்.”

“ஒன்றரை மணி நேரம் கொஞ்சமா? இங்க யாருங்க டிரைவர்?”

“சும்னிரு விக்டோரியா,” என்று கன்னடத்தில் அடக்கினார். “பழக்கம்.”

“பழக்கமா? இதைப் பார்த்தா டாக்டர் பம்ப் வேணாம்னுடுவாரு. அதுக்குத்தானே?”

அவர் ஜன்னலைப் பார்த்தார். “தினம் நீ குத்தணும். நீயே கழட்டணும். ஒருநா கூட உங்கம்மா வீட்டுக்குப் போக முடியாது.”

“போறேன்னு நான் கேட்டனா? குத்த மாட்டேன்னு சொன்னனா?”

லூர்துராஜ் இடது மணிக்கட்டிலிருந்து கடிகாரத்தைக் கழற்றத் தொடங்கினார். விரல்கள் வாரைப் பிடிப்பதும் நழுவுவதுமாக இருந்தன. விக்டோரியா கை நீட்டியபோது “ஒந்து நிமிஷ” என்று தடுத்தார். ஒரு நிமிடம் அல்ல, பதினொன்று ஆனது. கடைசியில் அதைக் கழற்றி விக்டோரியாவின் உள்ளங்கையில் வைத்தார். பிறகு பென்சிலை ஷீட்டின் மேல் உருட்டி விக்டோரியா பக்கமாகத் தள்ளினார்.