வலி நின்ற நாள்

அந்த எலக்ட்ரீஷியனுக்கு உடன் வேலை செய்பவர்கள் வைத்த பெயர் குறடு. இருபத்தாறு வருடமாக ஒயரின் தோலை அவர் முன்பல்லால்தான் உரித்துவந்தார். ஏணியைப் பிடிக்க ஒரு கை, ஸ்க்ரூடிரைவருக்கு ஒரு கை, மூன்றாவது கையாக வாய். உரித்த பிளாஸ்டிக்கைத் துப்பி முடிப்பதற்குள் அடுத்த ஒயர் பல்லுக்கு வந்திருக்கும். முதலாளி ஒருமுறை ஒயர் உரிக்கும் கருவி வாங்கித் தருவதாகச் சொன்னபோது, "அதான் வாயிலயே இருக்கே, பையில எதுக்குங்க சுமை?" என்று மறுத்துவிட்டார். கெட்டிக்காரர்தான். ஆனால் கெட்டிக்காரத்தனம் பழக்கமாகிவிட்டால் அதைப் பிறகு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

மேல்வரிசை முன்பல் ஒன்றில் கீறல் விழுந்தது. தேநீர் பட்டால் சுள்ளென்றது, குளிர்ந்த தண்ணீர் பட்டால் உயிர் போய் உயிர் வந்தது. ஐந்து வாரம் தாடையைத் தாங்கிக்கொண்டு திரிந்தார். டாக்டரிடம் போகச் சொல்லிச் சொல்லியே மனைவி ஓய்ந்துபோனாள். "உங்க பல்லை விட என் வாய்தான் அதிகமா வலிக்குது" என்றாள்.

ஒரு நாள் காலையில் எழுந்தபோது வலி இல்லை. கொப்பளித்துப் பார்த்தார், நாக்கால் அழுத்திப் பார்த்தார். மருந்துக்குக்கூட வலி இல்லை.

"பாத்தியா? உடம்புக்குத் தன்னைப் பாத்துக்கத் தெரியும். நீதான் டாக்டர் டாக்டர்னு உயிரை வாங்கினே." அன்று மாலை வீட்டுக்கு ஐஸ்கிரீம் வாங்கிவந்தார்.

ஏழெட்டு மாதம் கழித்து, அவர் சிரித்துக்கொண்டிருந்தபோது மனைவி உற்றுப் பார்த்தாள். "அந்த ஒரு பல்லு மட்டும் வேற யாரோ வீட்டுப் பல்லு மாதிரி இருக்குங்க. கறுத்துக் கிடக்கு. மேலே ஈறுல என்ன, கொப்புளமா?" இந்த முறை அவள் வாதாடவில்லை. செருப்பை எடுத்து அவர் காலடியில் போட்டாள்.

பல் டாக்டர் ஒரு நடுத்தர வயதுப் பெண். நீண்ட நாற்காலியில் அவரைச் சாய்த்து, பஞ்சில் குளிரூட்டும் மருந்தைத் தெளித்து அந்தப் பல்லில் வைத்தார்.

"தெரியுதா?"

"என்ன தெரியணும்?"

டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார். திரையில் பல்லின் வேர் நுனியில் பயறளவுக்கு ஒரு கறுப்புத் திட்டு. "இங்க எலும்பு கரைஞ்சிருக்கு. பல்லு நடுவுல மெல்லிய குழாய் ஒண்ணு போகும். நரம்பும் ரத்தமும் அதுலதான் ஓடும். கீறல் வழியா கிருமி இறங்கி, உள்ள எல்லாமே செத்து அழுகிடுச்சு. வலி எப்ப நின்னுச்சு?"

"அது ஆச்சு, எட்டு மாசம்."

"அப்பத்தான் செத்திருக்கும்."

அவர் வாயை மூட மறந்தார். செத்த நாளுக்கா ஐஸ்கிரீம் வாங்கினோம்? சுவரோரம் நின்ற மனைவியைப் பார்த்தார். அவளுக்கும் அதேதான் தோன்றியிருக்க வேண்டும். தலை குனிந்துகொண்டாள். ஷாக் அடிக்கவில்லை, அதனால் ஒயர் சரியாகிவிட்டது என்று எந்த வீட்டுக்காரராவது சொல்லியிருந்தால் இவர் அதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருப்பார்.

"பிடுங்கிடுங்க டாக்டரம்மா" என்றார் ஒருவழியாக.

"எதுக்கு? வேர் உறுதியா இருக்கு. பின்பக்கம் சின்னதா துளை போட்டு அழுகினதை எடுத்துடுவேன். குழாயைக் கழுவி, மருந்து வச்சு, அடுத்த வாரம் அடைச்சு மூடிடுவேன். மேல ஒரு உறை போட்டா பல வருஷம் உழைக்கும்."

"சுவரை உடைக்காம, பைப்புக்குள்ள கருகின ஒயரை மட்டும் உருவற மாதிரியா?"

"அப்படித்தான். ஆனா புது ஒயர் போட முடியாது. இந்தப் பல்லு கடிக்கும், சிரிக்கும். தனக்கு ஒண்ணுன்னா மட்டும் உங்ககிட்ட சொல்லாது. அப்பப்ப படம் எடுத்து நாமதான் பாத்துக்கணும்."

தலையாட்டினார். டாக்டர் மரத்துப்போக வைக்கும் ஊசியை எடுத்தார். ஊசி வாய்க்கருகே வந்தபோது அவர் கையைக் குறுக்கே நீட்டினார்.

"பயமா இருக்கா?"

"அதில்லைம்மா. பக்கத்துல இருக்கற மூணையும் வச்சுத்தான் ஒயர் உரிச்சேன். அதுங்களும் சத்தமே போடறதில்ல. மரத்துப்போனா அப்புறம் தெரியாதே. முன்னாடியே பாத்துடுங்க."

டாக்டர் மறுபடி பஞ்சை நனைத்தார். முதல் பல்லில் வைத்ததும் தோள் துள்ளியது. இரண்டாவதில் கால்விரல் மடங்கியது. மூன்றாவதில் வைத்தபோது ஒன்றுமில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு காத்திருந்தார். மனைவி சுவரை விட்டு ஓரடி முன்னால் வந்தாள்.

பிறகு மெதுவாக, அடியிலிருந்து ஏறி வந்தது.

"வலிக்குது" என்றார். கண்ணோரம் நனைந்திருந்தது. "நல்லாவே வலிக்குது டாக்டரம்மா."