ஈர முடிச்சு

நண்பனுக்குக் கிடைத்திருக்க வேண்டிய வேலையை நான் ஏமாற்றிப் பறித்தேன். ஓய்வு பெறும்வரை அந்த வேலையில்தான் இருந்தேன்.

பள்ளிப் படிப்பு முடிந்து, வேலூர்ப் பக்கத்திலிருந்து நீலசந்திராவுக்கு வந்தபோது எனக்குப் பதினெட்டு வயது. கன்னடம் தெரியாது. ஆஸ்டின் டவுன் மைதானத்தின் ஓரத்தில் நின்று தினமும் பந்தாட்டம் பார்ப்பேன். ஒருநாள் ஆள் குறைந்தபோது என் வயதுக் கன்னடப் பையன் ஒருவன் கத்தினான்.

"ஏய் கம்பம், நின்னுக்கினே இருக்கியே, பாரோ, உள்ள வாடா! பந்து கடிக்காது."

ஆட்டம் முடிந்ததும் அவன் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து கேழ்வரகுக் களி தின்றேன். எங்கள் ஊர்க் களிபோலவே இருந்தது. அதன்பின் அந்த வீட்டில் யாரும் என்னைச் சாப்பிடுகிறாயா என்று கேட்டதில்லை, தட்டு வந்துவிடும். கன்னடமும் கடைத்தெருவும் அவனோடு திரிந்தே பழகின.

வெறுங்காலோடு ஆடக் கூடாது என்று விதி வந்த சமயம். இருவரும் சேர்ந்து பழைய பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கினோம். பழகும்போது எனக்கு வலது, அவனுக்கு இடது.

ஒரு தொழிற்சாலை தன் அணிக்கு ஆள் எடுத்தது. தேர்வானால் நிரந்தர வேலை. நாங்கள் ஆடும் இடத்துக்கு ஒருவர்தான் தேவை. அவன் என்னைவிட நன்றாக ஆடுவான்.

"நீ மொதல்ல ஆடு. விசில் அடிச்சதும் கழட்டிக் குடு," என்றான்.

தேர்வு நாளன்று குழாயடியில் பூட்ஸ் கயிற்றை நனைத்து, இரட்டை முடிச்சாக இறுக்கிக் கட்டினேன்.

விசில் அடித்ததும் ஓடி வந்தான். "கழட்டு, கழட்டு!"

"முடிச்சு இறுகிடுச்சுடா. வரலை."

மண்டியிட்டு என் காலைத் தன் தொடைமேல் வைத்துக்கொண்டான். நகம் வழுக்கியது. பல்லால் கடித்து இழுத்தான். அதிகாரி அவன் பெயரைக் கூப்பிட்டார். "ஒன் மினிட், சார்!" ஒரு பூட்ஸ் கழன்றது. மற்றதற்குள் நான் விரல்களை விரித்துக் காலை இறுக்கினேன். அதிகாரி அடுத்த பெயருக்குப் போய்விட்டார்.

அவன் உதட்டில் சேறு. "போகட்டும் பிடு, விடுடா," என்றான். "உனக்காவது கெடைக்கட்டும்."

எனக்குக் கிடைத்தது. அவன் மார்க்கெட்டில் மூட்டை தூக்கப் போனான். அப்போதும் அவன் தாய் முதல் உருண்டையை எனக்கே போடுவார். சில வருடங்கள் அதைத் தின்றபின், அவனை எடுத்துக்கொள்ளும்படி மேலாளரிடம் கெஞ்சினேன். ஆடும் வயது தாண்டிவிட்டது என்றார். கடைசியில் புது பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கிப் போய், அடுப்படியில் இருவர் முன்னாலும் அந்த முடிச்சைப் பற்றிச் சொன்னேன்.

அவன் பூட்ஸைத் தொடவில்லை. "ரெண்டு நாளு பல்லு வலிச்சுது எனக்கு," என்றான். "தெனம் வந்து பார்த்தியே. அப்பவும் வாயத் தொறக்கல."

அடுத்த வாரம் போனேன். அவன் தாய் முன்னறையில் நாற்காலி எடுத்துப் போட்டார். காப்பியும் பிஸ்கட்டும் வந்தன. உள்ளே களி கிண்டும் வாசனை.

"காப்பி ஆறுது, குடிங்க சார்," என்றார்.