மரியதாஸுக்குச் சாவில்லை

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகனுடைய பிறந்தநாளுக்கு என்னைப் பெங்களூர் இந்திரா நகரில் ஒரு கஃபேக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். அங்கே காப்பிக்குத் தனிக் காசு, உட்கார்ந்து விளையாடத் தனிக் காசு. பக்கத்து மேஜையில் ஒரு காலேஜ் பெண் இருபது முகம் உள்ள பகடையை உருட்டிவிட்டு, "கைஸ், இனிமே எனக்கு சாவே கெடையாது!" என்று கத்தினாள். கூட்டாளிகள் கை தட்டினார்கள். நான் கேக்கை வாயில் அடைத்துக்கொண்டு, "ஆமாண்டி கண்ணு, நாங்களும் பாத்திருக்கோம்" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். உள்ளே சமையலறையில் யாரோ கறியும் வெங்காயமும் வதக்கினார்கள். அந்த வாசனை வந்ததும் நான் பல வருஷத்துக்கு முந்தைய பிரேசர் டவுனுக்குப் போய்விட்டேன்.

பிரேசர் டவுனில் பர்வீன் வீட்டு மாடியில் ஓர் அறை இருந்தது. மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி. ஏப்ரல் மாதத்தில் உள்ளே உட்கார்ந்தால் இட்லி வேகிற மாதிரி வேகலாம். பர்வீன் எங்கள் கால் சென்டரில் டீம் லீடர். வாரம் முழுக்க அவளுக்குப் பயந்து அமெரிக்காக்காரர்களிடம் "சார், சார்" என்று குழைவோம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதே பர்வீனின் மாடிக்குப் போய், மந்திரவாதி விளையாட்டு விளையாடுவோம். புத்தி கெட்டவர்கள் என்று வீட்டில் சொன்னார்கள். மறுப்பதற்கில்லை.

இந்த விளையாட்டு உங்களுக்குத் தெரியாது என்றே வைத்துக்கொண்டு சொல்கிறேன். ஒருவர் கதையை நடத்துவார், அது பர்வீன். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரம். குகைக்குள் போகிறேன், பேயை வெட்டுகிறேன் என்று நாம் வாயால் சொல்ல வேண்டும். நடந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். நான் எந்தப் பூட்டையும் திறக்கிற திருடி. நிஜத்தில் எனக்கு எங்கள் வீட்டுக் கதவே ஒரு தடவையில் திறக்காது. ஒக்கலிபுரத்திலிருந்து வரும் மஞ்சு, வாள் வீரன். பார்த்த இடத்தில் எல்லாம் பாய்ந்து செத்துப்போவான். யாருடைய ஆள் சாகிறானோ அவர் அடுத்த வாரம் புது ஆளோடு வரலாம், ஆனால் மாஸ்க் ரோட்டில் சீக் கபாப் வாங்கி வர வேண்டும் என்பது எங்கள் சட்டம். "ஆயித்து குரு, நான் போய்ட்டேன்" என்று மஞ்சு சிரித்துக்கொண்டே எழுந்திருப்பான். அவன் தயவில்தான் நாங்கள் கொழுத்தோம்.

நாலாவது ஆள் சார்லஸ். கே.ஜி.எஃப்பிலிருந்து, அதாவது கோலார் தங்க வயலிலிருந்து, ரயிலில் வந்து போகிறவன். முதல் நாளே தன் மந்திரவாதிக்கு மரியதாஸ் என்று பெயர் வைத்தான்.

"அரே, மரியதாஸா? சர்ச்சுல பாட்டு பாடறவர் மாதிரி இருக்கே. வேற வை ரே" என்றாள் பர்வீன்.

"எங்க அப்பா பேரு. மாத்த மாட்டேன்."

அப்பாவைப் பற்றி எங்களுக்கு ஆபீசிலேயே தெரியும். தங்கச் சுரங்கம் மூடுகிற வரைக்கும் பூமிக்கு அடியில் வேலை பார்த்தவர். நுரையீரல் முழுக்கக் கல் தூசி. திடீரென்று மூச்சு முட்டும். சார்லஸ் வாடகைக் கார் பிடித்து பெங்களூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவருவான். மூக்கில் குழாய், கையில் ஊசி, சில நாள் படுக்கை. தேறியதும் வீட்டுக்குப் போவார். மறுபடியும் முட்டும், மறுபடியும் கார். ஒவ்வொரு தடவையும் அவர் "வேணாண்டா" என்பாராம். இவன் காதில் வாங்கியதில்லை.

அதனால் ஆட்டத்திலும் மரியதாஸ் எப்போதும் கடைசி ஆளாகவே நடந்தார். கதவைத் திறப்பது நான், அடி வாங்குவது மஞ்சு, தூரத்தில் நின்று நெருப்பு எறிவது மரியதாஸ். "உங்கப்பா ரொம்ப உஷாரு குரு" என்று மஞ்சு கிண்டல் பண்ணுவான். ஒரு ஞாயிறு மரியதாஸைப் பாம்பு கடித்துவிட்டது. பகடை ஒரே ஒரு எண் குறைந்திருந்தால் ஆள் காலி. பிழைத்துக்கொண்டார். ஆனால் சார்லஸ் அதற்குப் பிறகு அன்றைக்குப் பகடையைத் தொடவில்லை. கிண்டல் அதோடு நின்றது.

அடுத்த வாரம் விதிப்புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் பிரித்து நீட்டினான். பெரிய மந்திரவாதி ஒருவன் தன் உயிரை உடம்பிலிருந்து எடுத்து ஒரு பொருளுக்குள் ஒளித்து வைக்கலாம். உடம்பு அழிந்தால், அந்தப் பொருளுக்குப் பக்கத்தில் புது உடம்பு முளைக்கும். பொருள் உடையாத வரைக்கும் சாவு இல்லை.

"அது கெட்டவங்க பண்ற வேலை ரே" என்றாள் பர்வீன்.

"கெட்டவராவே இருக்கட்டும். இருந்தாப் போதும்."

அப்புறம் பல ஞாயிறுகள் அதே வேலைதான். அந்த மந்திரத்துக்கு வேண்டிய வேர், சாம்பல், நாகரத்தினம் என்று ஊர் ஊராகத் திருடினோம். திருடியது நான் என்பதைத் தாழ்மையுடன் சொல்லிக்கொள்கிறேன். உயிரை ஒரு கல்லுக்குள் வைப்பது என்று முடிவானது. கல்லை எங்கே வைப்பது? ஏழு கடல் தாண்டிக் கிளியின் வயிற்றில் வைக்கச் சொன்னேன். "கிளிய பூனை அடிச்சிரும் குரு" என்றான் மஞ்சு.

"சுரங்கத்துல போட்டுடலாம்" என்றான் சார்லஸ். பர்வீனின் கதையில் குள்ளர்கள் எப்போதோ மூடிவிட்டுப் போன ஒரு தங்கச் சுரங்கம் இருந்தது. "மூடின சுரங்கத்துக்குள்ள எவன் போவான்? எங்கப்பா சொல்லுவாரு, என் உசுரு கீழதாண்டா இருக்கு, மேல சும்மா சோறு துன்ன வரேன்னு."

வேறு எந்த ஊர்க்காரனும் கோட்டை, கோயில், மலை என்று யோசித்திருப்பான். சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தவனுக்கு அதைவிடப் பத்திரமான இடம் தோன்றவில்லை. சுரங்க வாயில் நின்று கல்லை உள்ளே போட்டோம். "ரொம்ப நேரம் கழிச்சு, ரொம்ப தூரத்துல ஒரு சத்தம் கேக்குது" என்றாள் பர்வீன். என்ன சத்தம் என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மந்திரம் போடுகிற ஞாயிறு வந்தது. மரியதாஸ் விஷம் குடித்துச் சாக வேண்டும், பிறகு சாகாதவராக எழ வேண்டும். சார்லஸ் பகடையை இரண்டு கையாலும் பொத்தி, சிலுவை போட்டுக்கொண்டு உருட்டினான். இருபது! அதற்கு மேல் எண்ணே கிடையாது. மஞ்சு நாற்காலி மேல் ஏறி ஆடினான். பர்வீன் மட்டும் தலையைத் தூக்கவில்லை.

"கண்ண தொறக்கறீங்க. இருட்டு. குளிரு. வாயத் தொறந்தா தண்ணி."

"என்ன தண்ணி?"

"சுரங்கத்த மூடினா பம்பு ஓடாது இல்ல? நீதான ரே சொன்ன, உங்க ஊர்ல பம்ப நிறுத்தினதும் தண்ணி ஏறி எல்லாம் முழுகிருச்சுன்னு."

மரியதாஸ் மூச்சு முட்டிச் செத்தார். கல்லுக்குப் பக்கத்தில் புது உடம்பு முளைத்தது. கண் திறந்தார். தண்ணீர். மறுபடியும் செத்தார். மஞ்சு முதலில் சிரித்தான். சார்லஸின் முகத்தைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து மெல்ல இறங்கி உட்கார்ந்தான்.

"வேணும்னா மாத்திக்கலாம் ரே. தண்ணி இல்லன்னு வெச்சுக்கலாம்" என்றாள் பர்வீன். விதியை வளைக்கிறேன் என்று அவள் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"வேணாம். தண்ணி இருக்கும். எனக்குத் தெரியும்." இருபதைக் காட்டிக்கொண்டு கிடந்த பகடையைக் கையில் எடுத்துக்கொண்டான். "கண்ணு தொறக்கறதுக்கும் மூச்சு முட்டறதுக்கும் நடுவுல கொஞ்சம் டைம் இருக்கா?"

"கொஞ்சூண்டு."

"கல்லு பக்கத்துலதான இருக்கும்?"

"ஆமா."

"அப்ப அத ஒடச்சிடறாரு."

பர்வீன் பகடை கேட்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. காகிதத்தில் எழுதிய ஒரு மந்திரவாதிக்காக ஒரு கழுதை வயசுக்காரி அழுவதா என்று வெட்கமாகவும் இருந்தது. தொட்டியைப் பார்க்கிற சாக்கில் வெளியே போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு ஆட்டம் கூடவில்லை. சார்லஸ் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓவர்டைம் போட்டுக்கொண்டான். கேன்டீனில் ஒரு நாள் சொன்னான்: "அப்பாவுக்கு மறுபடியும் முட்டிச்சுக்கா. வேணாண்டான்னாரு. இந்தத் தடவ சரின்னுட்டேன்." டீயை அவன் பக்கம் நகர்த்தினேன். மழைக்காலம் முடிவதற்குள் பெரியவர் தன் வீட்டிலேயே, தன் கட்டிலிலேயே போய்ச் சேர்ந்தார்.

அடக்கத்துக்கு மூன்று பேரும் போனோம். கல்லறையிலிருந்து திரும்பியதும் சார்லஸின் அம்மா எங்களுக்கு வரக்காப்பி கொடுத்தார். "நீங்கதானா அந்த வெளையாட்டுப் புள்ளைங்க? இவன் ஞாயித்துக்கெழம வந்து எறங்குறதுக்குள்ள அவரு கேப்பாரு, 'என்னடா, நான் இருக்கனா, போய்ட்டனா?'ன்னு. இவன் உக்காந்து பூரா கதையும் சொல்லுவான். போன வாரங்கூட என்னமோ மலை மேல ஏறி ராட்சசன ஜெயிச்சாராமே? சிரிச்சு சிரிச்சு இருமல் வந்துருச்சு அவருக்கு."

போன வாரம் நாங்கள் ஆடவில்லை. அதற்கு முந்தின வாரமும் ஆடவில்லை. மஞ்சு என்னைப் பார்த்தான். பர்வீன் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "ஆமாம்மா, ஜெயிச்சாரு" என்றாள்.

பர்வீன் வீடு இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. அவள் துபாயில் இருக்கிறாள். மஞ்சு வாடகைக் கார் ஓட்டுகிறான். தலையில் முடி இல்லை. அந்தக் கால் சென்டர் கட்டடத்தில் பல் ஆஸ்பத்திரி நடக்கிறது. சார்லஸ் சந்தாபுராவில் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டான். கஃபேயிலிருந்து திரும்பியதும் அவனுக்கு போன் போட்டேன். கல்லை உடைத்த பிறகு அப்பாவிடம் சொன்ன கதைகளில் மரியதாஸ் என்னவெல்லாம் செய்தார், எந்த மலை, எந்த ராட்சசன் என்று கேட்டேன்.

"அய்யோ, ஒண்ணுமே ஞாபகம் இல்லக்கா" என்றான். "வர்ற வழியில ரயில்ல யோசிச்சு வாய்க்கு வந்தத சொல்லுவேன். நீங்க யாராச்சும் கூட இருந்திருந்தா ஞாபகம் வெச்சிருப்பீங்க."