கயிற்றை அறுக்காதவர்

என் அறைக்குள் வந்தவர் என்னைப் பார்க்கவில்லை, கதவைத்தான் பார்த்தார். இடது கையை நிலையில் ஊன்றி, வலது கையை விரித்து, வாய்க்குள் ஏதோ முனகிவிட்டு, திரும்பிக் கட்டிலைப் பார்த்தார். "கட்டில் ஒருக்களிச்சுப் படுத்துக்கிட்டுப் போயிடும். இந்த மேசைதான் கொஞ்சம் மொறைக்கும்" என்றார். நான் ஒருவன் ஓரமாக நிற்பது அதற்குப் பிறகுதான் அவர் கண்ணில் பட்டது. "தம்பிதான் வீடு மாத்துறதா?"

நண்பர்களோடு பகிர்ந்திருந்த அறையை விட்டு, என் சொந்தச் சம்பளத்தில் தனி அறைக்கு மாறிய நாள் அது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கறுப்பு அங்கியும் கையில் சுருட்டிய காகிதமுமாக நான் நிற்கும் படம் ஒன்று கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவரில் தொங்கியது. அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்:

"வக்கீலா?"

"இல்லண்ணா. பட்டம் வாங்கினப்போ எடுத்தது."

"அப்ப இது லோடுல வராது." நேராகக் கீழே போய் லாரியின் முன் சீட்டில் படத்தை வைத்தார். "மடியில வச்சுக்கிட்டு வா. வீடே உடைஞ்சாலும் இது உடையக் கூடாது. ஊர்ல உங்க அம்மா இதைச் சொல்லிச் சொல்லித்தானே தெம்பா நடப்பாங்க?"

எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. அன்றிலிருந்து அவர் எனக்கு அண்ணன்.

வீடு மாற்றித் தருவது அவர் தொழில். லாரி நிற்கும் இடத்தில் அவருக்குப் பெயர் 'கயிறு'. வாகனம் டிரைவருடையது, கட்டுவது, ஏற்றுவது, இறக்குவது எல்லாம் இவர். தோளில் எப்போதும் ஒரு தடித்த கயிறு கிடக்கும். நிறம் போய், உழைப்பில் வழுவழுத்து, நனைந்த துணி போலத் துவளும். அந்தக் கயிற்றை அவர் அறுத்ததில்லை. எத்தனை பெரிய சுமையானாலும் முடிச்சு ஒன்றுதான். ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் பாம்பு போலக் கழன்று வந்துவிடும். புதிதாக வேலைக்கு வந்த ஒருவன் அவசரத்தில் கத்தியை எடுத்ததற்கு, நடுத்தெருவில் வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினார்: "கத்தி எடுத்தா எவன் வேணாலும் பிரிப்பான்டா. அவுக்கத் தெரிஞ்சவன்தான் கட்டணும்!" அட்டைப்பெட்டியையும் கிழிக்க விடமாட்டார். டேப்பை நகத்தால் கீறி, பெட்டியைத் தட்டையாக மடித்து, அடுத்த வீட்டுக்கு எடுத்துக்கொள்வார்.

காலில் சக்கரம் கட்டிய மனிதர். டீக்கடையில் பெஞ்சு காலியாக இருந்தாலும் நின்றுதான் குடிப்பார். நாம் ஊதி ஊதி முதல் வாய் வைப்பதற்குள் அவர் கிளாஸ் கல்லா மேசைக்குத் திரும்பியிருக்கும். பேசும்போது கண் நம் மீது இருக்காது. "இவரைக் கல்யாணத்துக்குக் கூட்டிட்டுப் போனா பொண்ணு மாப்பிள்ளையப் பாக்க மாட்டார் தம்பி" என்பார் அவர் மனைவி. "மேடையில கிடக்கிற சோபாவை எந்தப் பக்கமா இறக்குறதுன்னு பாத்துட்டு நிப்பார்."

இன்னொரு வழக்கமும் உண்டு. கடைசிப் பெட்டி இறங்கியதும், "நல்லா இருங்க" என்று ஒரு வார்த்தை. உடனே படியிறங்கிவிடுவார். இறக்கிய வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். தெரு திரும்பும்வரை பின்னால் பார்க்கமாட்டார். "ஏத்துற வீட்ல அழுவாங்க. இறக்குற வீட்ல சண்டை போடுவாங்க. நடுவுல ரோட்டுல வரோம் பாரு, அங்கதான் தம்பி நிம்மதி."

சமீப காலமாக அந்த ரோடு ஒரே திசையில் ஓடிக்கொண்டிருந்தது. வாரந்தோறும் யாராவது ஒரு குடும்பம் மாநில எல்லையைத் தாண்டிப் போனது. இங்கே ஒண்டுக் குடித்தனத்துக்குக் கேட்கும் வாடகைக்கு அங்கே இரண்டு அறையும் பின்பக்கம் கொஞ்சம் வெறும் மண்ணும் கிடைத்தன. "வாடகை லிஃப்டுல போகுது, வருமானம் படியில ஏறுது. எந்த மாடியில தம்பி பிடிக்கிறது?" என்று சிரிப்பார். வீட்டுக்குப் போனால் அந்தச் சிரிப்பு இருக்காது. ஊரான் வீட்டை இறக்கிவிட்டு வந்த கையோடு, தன் வீட்டில் சுவருக்கும் சுவருக்கும் நடப்பார். நடக்க அங்கே இடமும் இல்லை. மகள் பாப்பாவுக்கு வாஷிங் மெஷின் மூடிதான் படிப்பு மேசை. அவளுக்குப் பரீட்சை வந்தால் வீட்டில் துவைப்பு நின்றுவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே இருந்தபோது, ஹவுஸ் ஓனர் பல்லெல்லாம் தெரிய மாடியேறி வந்தார். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் வாடகை ஏறப்போகிறது என்று அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அவர் இறங்கிப் போனதும் அண்ணன் கயிற்றை ஜன்னல் கம்பியில் கட்டினார், அவிழ்த்தார், மறுபடி கட்டினார்.

"நாமளும் அங்க போயிடலாம்."

"போங்க. வேண்டாம்னா சொன்னேன்?" என்றார் அண்ணி.

"நாமன்னு சொன்னேன்."

அண்ணி ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். கூடத்தில் காத்திருப்பவர்களைப் பெயர் சொல்லி அழைத்து டாக்டரிடம் அனுப்பும் வேலை. நீலக் கோட்டு போட்டுக்கொண்டு அவர் கூப்பிட்டால், வாசலில் புகைத்துக்கொண்டிருப்பவர்கூடச் சிகரெட்டை அணைத்துவிட்டு உள்ளே வருவார். பேச்சிலேயே பாதி நோயைக் குறைப்பார் என்று பெயர்.

"பேர் சொல்லிக் கூப்பிடுறதுதான் என் பொழப்பு. பாஷை தெரியாத ஊர்ல போய் ஊமையா உக்காந்து சுவரைப் பாக்கவா? இக்கரைக்கு அக்கரை பச்சையாத்தான் தெரியும்."

"எத்தனை குடும்பத்தை அங்க இறக்கியிருக்கேன்! எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க."

"நீங்க பாத்தீங்களா?"

அண்ணன் கயிற்றையே பார்த்தார்.

"இறக்கின உடனே ஓடி வந்துடுறீங்க. பீரோ ஏறுச்சா, கட்டில் ஏறுச்சான்னு எல்லாம் தெரியும். இறங்கின வீட்ல ஒரு பொம்பளையாவது சிரிச்சாளா? அதைக் கேட்டுட்டு வாங்க. அப்புறம் பேசலாம்."

அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே போய்விட்டார்.

அடுத்த லோடு இறக்கியதும் அவர் வழக்கம் போலத் திரும்பவில்லை. டிரைவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, முன்பு தான் இறக்கிய வீடுகளைத் தேடிப் போனார். வந்த பிறகு டீக்கடையில் என்னிடம் சொன்னார். நின்றுகொண்டேதான் சொன்னார், ஆனால் கிளாஸ் கையிலேயே ஆறிக்கொண்டிருந்தது.

ஒரு வீட்டில் நன்றாகத்தான் இருந்தார்கள். அந்த அம்மா கோழி வளர்க்கிறாராம். இன்னொரு வீட்டில் கணவனும் மனைவியும் வாசலிலேயே இவரிடம் பஞ்சாயத்துக்கு வந்துவிட்டார்கள். மூன்றாவதாகப் போனது, போன வருஷம் இவர் இறக்கிய வீடு. கூடத்தில் சுவரோரமாக ஒரு அட்டைப்பெட்டி. மேலே பூப்போட்ட துணி விரித்து, அதன் மேல் டிவி. துணிக்குக் கீழே தெரிந்தது இவர் ஒட்டிய டேப், இவர் கட்டிய சணல், இவர் போட்ட முடிச்சு.

"ஏம்மா, இன்னும் பிரிக்கலையா?" என்று கேட்டிருக்கிறார்.

"பிரிச்சா இங்கேயே இருக்கணும்ல அண்ணா" என்றாராம் அந்தப் பெண். சிரித்துக்கொண்டேதான் சொன்னாராம்.

"என் முடிச்சு தம்பி. ஒரு இழுப்பு. இழுத்தா வந்துடும். அவங்க இழுக்கல."

"அண்ணிகிட்ட என்ன சொல்லப் போறீங்க?"

"சொன்னா வரமாட்டா." தோளில் கிடந்த கயிற்றை மறு தோளுக்கு மாற்றினார். "சொல்லாம கூட்டிட்டுப் போனா, அந்தப் பெட்டி நாளைக்கு என் வீட்டுக் கூடத்துல உக்காந்திருக்கும்."

சொல்லிவிட்டார். அண்ணி காது கொடுத்துக் கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அண்ணனால் காத்திருக்க முடியவில்லை. வாய் சும்மா இருந்தாலும் கை இருக்காதே. அனுமதி கிடைக்கும் முன்பே வீட்டைக் கட்ட ஆரம்பித்துவிட்டார். இன்றைக்கு மேல்தட்டுப் பாத்திரம், நாளைக்குப் போர்வைகள் என்று ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் போயின. சீப்பைக் காணோம், கரண்டியைக் காணோம். பாப்பா பூகோளப் புத்தகத்தைத் தேடி எந்தப் பெட்டி என்று தெரியாமல் அழுதாள். "காலையில நான் பிரிச்சுட்டு வேலைக்குப் போறேன் தம்பி. சாயங்காலம் வந்து பாத்தா இவர் கட்டி வச்சிருக்கார். இது வீடா, குடோனா?" என்று அண்ணி என்னிடம் முறையிட்டார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "தேதி சொல்லிட்டா நிறுத்திடுவார் அண்ணி" என்றேன்.

ஒருநாள் அண்ணி சொன்னார். கையில் கரண்டி, அப்போதுதான் ஒரு பெட்டியைப் பிரித்து எடுத்திருந்தார்.

"வரேன். இத்தனை வருஷத்துல முதல் தடவையா, போன இடத்துல நின்னு பாத்துட்டு வந்திருக்கீங்க. பாத்ததை மறைக்கவும் இல்ல. அதுக்காக வரேன். ஆனா இறக்கின அன்னிக்கே எல்லாப் பெட்டியும் பிரியணும். ஒண்ணு மூடியிருந்தாலும், அதைத் தலையில வச்சுக்கிட்டு நான் பஸ் ஏறிடுவேன்."

"தலையில எதுக்கு? நானே ஏத்தி விடுறேன்" என்றார் அண்ணன். பாப்பாதான் முதலில் சிரித்தாள்.

கிளம்பும் நாளில் ஆள் குறைந்துவிட்டது. "பட்டதாரித் தோள் ஒண்ணு கிடைக்குமா தம்பி?" என்று கேட்டார். லீவு போட்டுவிட்டுப் போனேன். போய்ப் பார்த்தால் பரபரப்பு: கயிற்றைக் காணோம். ஊரான் வீட்டில் ஒரு ஊசியைத் தவறவிடாதவர், வெறும் தோளைத் தேய்த்துக்கொண்டு மாடிக்கும் தெருவுக்கும் அலைந்தார். கடைசியில் பார்த்தால், அது மூலையில் ஒரு சிறிய பெட்டியைச் சுற்றிக் கிடந்தது. அண்ணி தானே கட்டிய பெட்டி. குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி, முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டிருந்தார்.

"அது அப்படியே இருக்கட்டும்" என்றார் அண்ணி. டிரைவரின் கயிற்றில் லோடு கட்டினோம். அண்ணன் வழி முழுக்க அதைத் திட்டிக்கொண்டே வந்தார்.

அங்கே வெயில் சாய்வதற்கு முன்பே எல்லாம் இறங்கிவிட்டது. கடைசிப் பெட்டி இறங்கியதும் பழக்கத்தில் அவர் வாயிலிருந்து "நல்லா..." என்று வந்துவிட்டது. கால் படியை நோக்கித் திரும்பியும்விட்டது. பாப்பா சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, இது நம்ம வீடு."

பிரித்தோம். பாத்திரங்கள், துணிகள், பூகோளப் புத்தகம். தட்டையான அட்டைகள் வாசலில் அடுக்கடுக்காக உயர்ந்தன. அண்ணியின் பெட்டி மட்டும் மிஞ்சியது. அண்ணன் அதன் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். லாரி சீட்டைத் தவிர வேறெங்கும் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். நகத்தால் நெம்பினார், பல்லால் கடித்தார். வியர்வை பெட்டியில் சொட்டியது. முடிச்சு அசையவில்லை.

"அதை விடுங்க. நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார் அண்ணி, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

அண்ணன் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பிறகு என் பக்கம் கையை நீட்டினார்.

"தம்பி, கத்தி."

நான் தயங்கினேன். "அண்ணா, உங்க கயிறு..."

"குடு."

அறுத்தார். பெட்டிக்குள் ஆஸ்பத்திரியின் நீலக் கோட்டு, இஸ்திரி கலையாமல் மடித்து வைத்தபடி இருந்தது. அண்ணி அதை எடுத்து ஒரு உதறு உதறினார். ஆணி தேடினார். சமையலறைக் கதவின் பின்னால் ஒன்று இருந்தது, அதில் மாட்டினார்.

இப்போது அவர்கள் அந்த மாநிலத்தில்தான் இருக்கிறார்கள். அண்ணன் அங்கேயே லோடு ஏற்றுகிறார். இன்னமும் டீயை நின்றுதான் குடிக்கிறார். அண்ணிக்கு வேலை கிடைக்கவில்லை. அந்த ஊர் பாஷையில் அவர் முதலில் கற்றுக்கொண்ட சொல் மழை. பக்கத்து வீட்டு அம்மா மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து அதைக் கத்தினால், இவர் ஓடிப்போய்க் காயும் துணிகளை எடுக்கிறார். கொடியாகக் கட்டியிருப்பது அறுபட்ட அந்தக் கயிறுதான். இரண்டு துண்டையும் அண்ணன் நடுவில் சேர்த்து முடிந்திருக்கிறார். போன மாதம் போயிருந்தபோது, ஒரு முனையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். அவிழவில்லை.