சேற்று வண்டியும் ஜார்ஜெட் முந்தானையும்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, எங்கள் மகளின் தலை தீபாவளிக்கு மறுநாள் நடந்தது இது. தாம்பரத்திலிருந்து முடிச்சூர் வழியாகப் படப்பை தாண்டிப் போனால், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு தோட்டம் இருக்கிறது. லீவு நாட்களில் ஆட்கள் போய்ச் சேற்றிலும் மேட்டிலும் நாலு சக்கர வண்டி ஓட்டிவிட்டு வருவார்கள். இன்றைக்கும் பஸ்ஸின் நெற்றியில் படப்பை என்ற பெயரைப் பார்த்தால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் பயந்த சுபாவம். ஷேர் ஆட்டோவில் ஓரத்தில் உட்கார மாட்டேன். கீழ்க்கட்டளையில் பஸ் ஏறி, கேஸை மூடினோமா என்ற சந்தேகத்தில் பல்லாவரத்தில் இறங்கி வீட்டுக்குத் திரும்பி வந்தவள். யார் வண்டியை எடுத்தாலும் வாசலுக்கு வந்து ஹெல்மெட், சைடு ஸ்டாண்டு, புடவை என்று வரிசையாகச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. வீட்டில் என் பேச்சை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. ரேடியோவில் விளம்பரம் ஓடுகிற மாதிரி அது பாட்டுக்கு ஓடும்.

அந்தத் தீபாவளிக்கு மட்டும் என் வாய்க்குப் பூட்டுப் போட்டுவிட்டார் என் கணவர். புது மாப்பிள்ளை வருகிறார் அல்லவா! மறைமலை நகர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினீயர். நல்ல பிள்ளை, அதிர்ந்து பேசத் தெரியாது. ஆனால் எங்கள் பக்கத்தில் தலை தீபாவளி மாப்பிள்ளை என்றால் அந்த இரண்டு நாளும் அவர்தான் ராஜா. கல்யாணமான நாளிலிருந்து எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு கொடுக்காத மனிதர், மாப்பிள்ளைக்கு வெந்நீர் விளாவிக்கொண்டிருந்தார்! “அவரு எது சொன்னாலும் சரின்னு தலையாட்டு. உன் அட்வைஸ் எல்லாம் எங்கிட்டயே வச்சுக்கோ. அவரு மனசு கோணிட்டா நம்ம பொண்ணுதான் கஷ்டப்படணும்” என்று சமையலறையில் வந்து காதோடு சொன்னார். அந்தக் கடைசி வரிதான் என்னைக் கட்டிப்போட்டது. பெண்ணைக் கட்டிக் கொடுத்த எந்த அம்மாவுக்கும் அந்த ஒரு வரி போதும்.

மறுநாள் காலை டிபன் சாப்பிடும்போது மாப்பிள்ளைதான் அந்த இடத்தைப் பற்றிச் சொன்னார். கூட வேலை பார்ப்பவர்கள் போய்விட்டு வந்தார்களாம், ரொம்ப நன்றாக இருக்கிறதாம். என் கணவர் இட்லியை விழுங்குவதற்கு முன்பே “கிளம்பிடலாம்” என்றார். முந்தின நாள் ராத்திரியெல்லாம் மழை. தரை ஊறிக் கிடக்குமே என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். சட்னி எடுத்துவர உள்ளே போய்விட்டேன்.

மகள், மாப்பிள்ளை எடுத்துக் கொடுத்த ஜார்ஜெட் புடவையைக் கட்டிக்கொண்டாள். சின்ன மஞ்சள் பூ போட்ட பச்சைப் புடவை. முந்தானைக்கு மடிப்பு வைக்காமல், தோளில் ஒரே ஒரு ஊக்குக் குத்தி அப்படியே தழையவிட்டிருந்தாள். கொண்டை போட்டு அதைச் சுற்றி மல்லிகைப்பூ. போட்டோவுக்கு அழகாக இருக்குமாம். உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தாள், என் கண்ணே பட்டுவிடும் போல.

அந்த வண்டியை நான் அதுவரை நேரில் பார்த்ததில்லை. மோட்டார் பைக்கின் ஹேண்டில்பார், குட்டி டிராக்டரின் சக்கரங்கள், நடுவில் ஒரு சீட், பின்னால் சாமான் வைக்க இரும்புக் கம்பித் தட்டு. சக்கரம் ஒவ்வொன்றும் பரங்கிக்காய் மாதிரி உப்பிக்கொண்டிருந்தது. வண்டிகளைப் பார்த்துக்கொள்ள அங்கே ஒருவர் இருந்தார். எங்கள் வயதுதான் இருக்கும். ஹெல்மெட்டை நீட்டிக்கொண்டே மாப்பிள்ளையிடம் சொன்னார்: “சார், வண்டிக்கு ஒரு ஆளுதான். நாலு சக்கரம் கீதேன்னு நெனச்சுக்காத, மேட்டுல ஒரு பக்கமா சாஞ்சா அப்பிடியே கவுத்துடும். இன்னா ஆனாலும் கால மட்டும் கீழ வுட்டுடாத.”

முதலில் மாப்பிள்ளை தனியாகப் போனார். ஹெல்மெட், ஷூ எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் முதல் திருப்பத்திலேயே பைக் ஓட்டுகிற பழக்கத்தில் ஒரு காலைத் தரையில் ஊன்றப் போனார். பின்சக்கரம் அந்தக் காலுக்கு ஒரு சாண் தூரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. “கால மேல வை சார்!” என்று அந்த அண்ணன் கத்தியதும் சடக்கென்று இழுத்துக்கொண்டார். என் கணவர் கைதட்டிக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு ஒழுங்காக ஓட்டினார். திரும்பி வந்து இறங்கியபோது முகமெல்லாம் சிரிப்பு. அதோடு கிளம்பிவிடலாம் என்று நான் பையை எடுத்துத் தோளில் மாட்டினேன். அப்போதுதான் மகள், “எனக்கும் ஆசையா இருக்கு, ஆனா தனியா ஓட்ட பயம்” என்றாள். “பின்னாடி உக்காந்துக்கோ, நான் மெதுவா போறேன்” என்றார் மாப்பிள்ளை.

அவள் ஏறி உட்கார்ந்தாள். எப்படி? புடவை கட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் நாம் எல்லோரும் எப்படி உட்காருவோமோ அப்படி. இரண்டு காலையும் இடது பக்கம் போட்டு, பாதி சீட்டிலும் பாதி கம்பித் தட்டிலுமாக, ஒரு கையால் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு. பிறந்ததிலிருந்து பழகின உட்காரும் விதம், அதில் ஆபத்து இருக்கிறது என்று அவளுக்கு எப்படித் தோன்றும்? பூ நசுங்கிவிடும் என்று ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டாள். முந்தானை அவள் முதுகுக்குப் பின்னால், வலது பக்கப் பின்சக்கரத்துக்கு மேலே தொங்கியது.

“ரெண்டு பேர் போவக் கூடாது சார்” என்று அந்த அண்ணன் குறுக்கே வந்தார். என் கணவர் அவர் தோளில் கை போட்டு, “புது மாப்பிள்ளைங்க. தலை தீபாவளிக்கு வந்திருக்காரு. ஒரே ஒரு ரவுண்டு” என்றார். அந்த மனிதர் மாப்பிள்ளையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். “இன்னா சார், பேஜார் பண்றீங்களே... சரி, மேட்டுப் பக்கம் மட்டும் போவாதீங்க” என்று வழிவிட்டார். தலை தீபாவளி மாப்பிள்ளை என்றால் முன்பின் தெரியாதவர்கூட விட்டுக்கொடுத்துவிடுகிறார், பாருங்கள்.

நான் என்ன செய்தேன்? “பாத்துப் போங்க மாப்பிள்ளை” என்றேன். அவ்வளவுதான். புது மாப்பிள்ளையிடம் ஒரு மாமியார் அதற்கு மேல் என்ன சொல்லிவிட முடியும்? கைப்பை வாரைத் திருகிக்கொண்டு நின்றேன்.

வண்டி புறப்பட்டது. மெதுவாகத்தான் போனார், பொய் சொல்லக்கூடாது. தென்னை மரங்களுக்குப் பின்னால் போய் மறைந்ததும் சத்தம் மட்டும் கேட்டது. சத்தம் குறைந்தால் கவிழ்ந்துவிட்டதோ என்று பயம், கூடினால் வேகமாகப் போகிறாரோ என்று பயம். எத்தனை சாமியைக் கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியாது.

பிறகு மரங்களுக்கு இந்தப் பக்கம் வந்தார்கள். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்பாடா என்று மூச்சு விட்டேன். ஆனால் எங்கள் அருகில் வந்து நிறுத்தாமல், இன்னொரு ரவுண்டு என்று விரலைக் காட்டிவிட்டு, வண்டி எங்களைத் தாண்டிப் போனது. அப்போதுதான் அவள் முதுகுப் பக்கம் என் கண்ணில் பட்டது. அந்தப் பச்சை முந்தானையின் நுனியில் ஒரு முழம் நீளத்துக்குக் கறுப்புச் சேறு. காற்றில் எழும்பி எழும்பிச் சக்கரத்தின்மேல் விழுந்துகொண்டிருந்தது. ஏற்கெனவே சக்கரம் அதைத் தொட்டுவிட்டது. அவளுக்குத் தெரியவில்லை. அவருக்கு முதுகில் கண்ணில்லை. வண்டி போய்க்கொண்டிருந்த பக்கத்தில் அந்த மேடு இருந்தது.

“மாப்பிள்ளை! நிறுத்துங்க மாப்பிள்ளை!” என்று கத்தினேன். அவர் திரும்பாமலே ஒரு கையைத் தூக்கி ஆட்டினார், டாட்டா காட்டுகிற மாதிரி. என் கணவர் “சும்மா இரேன்” என்று என் முழங்கையைப் பிடித்தார்.

அடுத்து என் வாயிலிருந்து வந்ததை நான் யோசித்துச் சொல்லவில்லை.

“டேய்! நிறுத்துடா வண்டிய!”

அந்தத் தோட்டமே திரும்பிப் பார்த்தது. வண்டி நின்றது. நிற்பதற்கும், என் மகள் “அம்மா” என்று அலறிக்கொண்டு பின்பக்கமாகச் சாய்வதற்கும் சரியாக இருந்தது. முந்தானை சக்கரத்துக்கு உள்ளே போய்ச் சுற்றியிருந்தது. அவள் மல்லாந்து அந்தச் சக்கரத்தின் மேலேயே கிடந்தாள். கொண்டை அவிழ்ந்து சேற்றில் புரண்டது. புடவை கயிறாக முறுக்கிக்கொண்டு தோளையும் கழுத்தோரத்தையும் இறுக்கியிருந்தது. ஊக்கு வளைந்து தோளில் ஏறியிருந்தது.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. செருப்பு சேற்றில் எங்கோ போய்விட்டது. எனக்கு முன்னால் அந்த அண்ணன் ஓடிப்போய் வண்டியின் சாவியைத் திருப்பி அணைத்தார். “யாரும் இழுக்காதீங்க, இழுக்காதீங்க!” என்று சொல்லிக்கொண்டே, தேங்காய் வெட்டுகிற அரிவாளைக் கொண்டுவரச் சொல்லி, முந்தானையை அறுத்தார். நான் என் சுடிதார் துப்பட்டாவை எடுத்து மகளைப் போர்த்தி மடியில் போட்டுக்கொண்டேன். மூச்சு விடுகிறாளா என்று அவள் மூக்கருகில் விரலை வைத்துப் பார்த்தேன். அவள் அழுதுகொண்டுதான் இருந்தாள். அழுகிற பெண்ணுக்கு மூச்சு இருக்கிறதா என்று பார்த்தேன் என்றால் என் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள்.

அந்த அண்ணன், சக்கரத்தில் சிக்கியிருந்த துணியைப் பிய்த்து எடுத்தபடி, “இன்னும் ரெண்டு சுத்து சுத்தியிருந்தா கழுத்துக்குப் போயிருக்கும்மா” என்றார். என் கணவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

தாம்பரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனோம். எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்புக்கு ஒன்றுமில்லை, தோளில் நல்ல வீக்கம், கழுத்தோரம் சாட்டையால் அடித்தது போல ஒரு சிவப்புக் கோடு. ஊசி போட்டுக் கொஞ்ச நேரம் படுக்க வைத்தார்கள்.

அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் எனக்கு அடுத்த பயம் பிடித்துக்கொண்டது. வெளியே பெஞ்சில் மாப்பிள்ளை தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். காரில் வரும்போதும் ஒரு வார்த்தை பேசவில்லை. தலை தீபாவளிக்கு வந்தவரை, நாலு பேருக்கு நடுவில், ‘டேய்’ என்று கூப்பிட்டிருக்கிறேன்! அவரைப் பெற்றவர்கள் காதுக்கு இது போனால்? நாளைக்கு இதையே சொல்லிக்காட்டி என் பெண்ணைக் குத்தினால்? என் கணவரும் அதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். “போய் ஒரு வார்த்தை சொல்லிடேன்” என்று கண்ணால் கெஞ்சினார்.

போய் அவர் பக்கத்தில் நின்றேன். அவர் எழுந்து நின்றார். ஷூவிலிருந்து பேண்ட் வரைக்கும் காய்ந்த சேறு. “மாப்பிள்ளை, பதட்டத்துல ஏதோ மரியாதையில்லாம கத்திட்டேன். மனசுல வச்சுக்காதீங்க” என்றேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. “அத்தை, நீங்க மொதல்ல ‘நிறுத்துங்க மாப்பிள்ளை’ன்னு கூப்பிட்டீங்களே, அது எனக்குக் கேட்டுச்சு” என்றார்.

எனக்குப் புரியவில்லை.

“நல்லாவே கேட்டுச்சு. நீங்க எப்பவும் பயப்படுவீங்கன்னு இவ சொல்லியிருக்கா. அதான் சும்மா கூப்பிடறீங்கன்னு நெனச்சு கையாட்டிட்டு மேட்டுல ஏத்தப் போனேன்.” பெஞ்சில் உட்கார்ந்து, சேறு ஒட்டிய இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். புது மாப்பிள்ளை, சம்பந்தி வீடு என்பதெல்லாம் எனக்கு மறந்தே போனது. பெற்ற பிள்ளையை அணைப்பது போலத் தலையைப் பிடித்து என் வயிற்றோடு சேர்த்துக்கொண்டேன்.

மகளுக்கு வீக்கம் வடிந்து, கோடு மறைந்து, எல்லாம் சரியாகிவிட்டது. அந்த ஆஸ்பத்திரி பெஞ்சில் எனக்கு விளங்கிய விஷயம் மட்டும் இன்னும் என்னை விடவில்லை. என் பெண்ணின் உயிர் ஊசலாடிக்கொண்டிருந்தபோது நான் பணிவாகச் சொன்னது அவர் காதுவரை போய்ச் சேர்ந்திருக்கிறது, அவரை நிறுத்தத்தான் அதற்குத் தெம்பு இல்லை. அதனால் இப்போதெல்லாம் என் கண்ணெதிரே யார் எந்த வண்டியில் ஏறினாலும், அவர் ராஜாவாகவே இருந்தாலும், முகத்தைச் சுளித்தாலும் சரி என்று, சொல்ல வேண்டியதை அவர் சாவியைத் திருப்புவதற்கு முன்பே அழுத்தமாகச் சொல்லிவிடுகிறேன்.