பவானியில் வாங்கி, கோட்டைமேட்டில் திருப்பிய பேஸ் கிட்டார்

சனிக்கிழமை காலை ஆறேகாலுக்குக் காந்திபுரத்தில் சேலம் பஸ் ஏறினேன். பவானிக்கு டிக்கெட் தொண்ணூறு ரூபாய். தூரம் நூறு கிலோமீட்டருக்கு முன்னே பின்னே இருக்கும். பவானிக்குப் போகிறவர்கள் கூடுதுறையில் முழுக்குப் போடுவார்கள், இல்லாவிட்டால் ஜமக்காளம் வாங்குவார்கள். நான் போனது பழைய பேஸ் கிட்டார் ஒன்றை வாங்க. அதைச் சொன்னதும் என் மனைவி கவிதா டிபன் டப்பாவை நங்கென்று மேசையில் வைத்தாள்.

பேஸ் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சாதாரண கிட்டாருக்கு ஆறு கம்பி, இதற்கு நாலு தடிக் கம்பி. கல்யாண மண்டபத்தில் கச்சேரி கேட்கும்போது பாட்டுக்கு அடியில் தும் தும் என்று நெஞ்சைத் தட்டிக்கொண்டு ஒன்று ஓடுமே, அது. யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பாடுகிறவருக்கு மாலை, டிரம்ஸ்காரருக்குக் கைதட்டல், பேஸ்காரனுக்கு டிரம்ஸுக்குப் பக்கத்தில் ஒரு மூலை. அந்த மூலையில் நான் இருபது வருசத்துக்கு மேல் நின்றிருக்கிறேன்.

பகலில் எனக்குக் கணபதியில் பம்பு உதிரிபாகம் செய்யும் பட்டறையில் வேலை. முந்தின வருசம் அங்கே பிரஸ் மெஷினில் இடது கை மாட்டிக்கொண்டது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் தப்பித்தன. மற்ற மூன்றும் பாதியோடு நின்றுவிட்டன. கிட்டாரில் கம்பியை அழுத்திச் சுரம் பிடிக்கிற கை அதுதான். வலது கைக்குத் தட்டுகிற வேலை மட்டுமே. கடவுளுக்கு எடுக்க வேறு கையே கிடைக்கவில்லை போலிருக்கிறது.

காரமடையில் ஆர்கெஸ்ட்ரா நடத்தும் ரங்கு என்னோடு எட்டாம் வகுப்பிலிருந்து படித்தவன். அவன் குழுவில்தான் நான் வாசித்தேன். நான் நின்றுவிட்ட பிறகு கீபோர்டில் இடது கையாலேயே பேஸையும் சமாளித்துக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் போனில், "கைய மாத்திப் பழகுனாப் போச்சு. ஒரு பேஸத் தூக்கிக்கிட்டு வாடா, தேர் நோம்பிக்குள்ள மேடை ஏறிக்கலாம்" என்றான். காரமடைத் தேர்த் திருவிழாவைத்தான் சொன்னான். பக்கத்து வீட்டுப் பெண்ணின் சின்னக் கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்து ஒரு வருசமாக நான் பழகி வந்ததை அவனிடம் சொல்லியிருந்தேன். வலது கையால் அழுத்துவது, மிச்சமிருக்கும் இடது கை இரண்டு விரலால் தட்டுவது. அந்த மேடைக்குத் திரும்பாவிட்டால் நான் வெறும் பட்டறைக்காரன், அதிலும் அரைக் கைக்காரன். இந்தப் பயணம் அதற்காகத்தான்.

இடது கைப் பழக்கக்காரர்களுக்கென்றே செய்த பேஸ் கோவைக் கடைகளில் இல்லை. ஆர்டர் கொடுத்தால் வரும். விலையைக் கேட்டுவிட்டு, நன்றி சொல்லி வெளியே வந்தேன். நம்மால் முடிந்தது பழையதை மலிவாக வாங்கி இடது கைக்குத் திருப்பிக்கொள்வதுதான். செல்போனில் வந்த விளம்பரம் ஒன்றில், பவானியில் விற்கிற பேஸின் படம் கண்ணில் பட்டது. உடம்பின் இரண்டு பக்கத்துக் கொம்பும் ஏறக்குறைய ஒரே அளவு. திருப்பினால் அப்படிப்பட்டதுதான் மடியில் நிற்கும்.

அவிநாசி, பெருமாநல்லூர், பெருந்துறை தாண்டி ஒன்பது மணி வாக்கில் லட்சுமி நகர் பைபாஸில் இறங்கினேன். ஊருக்குள் போக ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். விற்கிறவர் வேலுச்சாமி, ஜமக்காள வியாபாரி. வீட்டின் முன்கூடத்தில் கூரை வரைக்கும் ஜமக்காளக் கட்டுகள். நூல் வாசனைக்கு எனக்கு மூன்று தும்மல் வந்தது.

"ஏனுங்க, கோயமுத்தூர்லிருந்து வாரவீங்களா? உள்ளார வாங்க" என்று அவர் கூப்பிட்ட தோரணையைப் பார்த்தால் நான் சம்பந்தம் பேச வந்ததாக நினைக்கத் தோன்றும். காப்பி வந்தது, முறுக்கு வந்தது, பேஸ் மட்டும் வரவில்லை. கடைசியில் சிவப்பும் பச்சையுமாகப் பட்டை போட்ட ஒரு ஜமக்காளத்தில் சுற்றி எடுத்து வந்தார். மகள் கல்லூரியில் படிக்கும்போது வாசித்ததாம். இப்போது பெங்களூரில் வேலை, வாசிக்க நேரமில்லை.

பேஸ் நன்றாகவே இருந்தது. ஒரு கம்பி இல்லை. வால்யூம் திருகைத் தொட்டால் கரகரத்தது. கழுத்துக் கட்டையை ஒற்றைக் கண்ணால் நீளவாக்கில் பார்த்தேன், லேசான வளைவுதான். சரி செய்துவிடலாம். மகளைப் போனில் பிடித்துக் கொடுத்தார். கம்பி கொஞ்சம் உயரமாக நிற்கும், கழுத்துக்குள் இருக்கும் திருகாணியை முடுக்கினால் இறங்கிவிடும் என்று விவரமாகச் சொன்னாள். யார் வாசிக்கப் போவது என்று கேட்டாள். நான்தான் என்றேன். திருப்பிக்கொள்ளப் போகிறேன் என்றதும், "அங்கிள், நீங்க லெப்ட் ஹேண்டுங்களா?" என்றாள் சந்தோசமாக. ஆமாம்மா என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்வது?

அதுவரை என் இடது கை பேண்ட் பைக்குள் இருந்தது. மரியாதைக்கு இரண்டு கையாலும் போனைத் திருப்பிக் கொடுக்கும்போது வேலுச்சாமி பார்த்துவிட்டார். விளம்பரத்தில் ஆறாயிரம் போட்டிருந்தது. ஐயாயிரத்துக்குக் கேட்க வேண்டும் என்று பஸ் முழுக்க ஒத்திகை பார்த்து வந்திருந்தேன். அவர் என்னடாவென்றால் தரையைப் பார்த்துக்கொண்டு, "நாலாயிரம் குடுங்க போதுமுங்க" என்றார்.

எனக்குச் சுரீரென்று ஏறிவிட்டது. ஆறாயிரத்தை எண்ணி முறுக்குத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். "போட்ட வெலைக்கே எடுத்துக்கறனுங்க. கையப் பாத்து வெல சொல்லாதீங்க" என்றேன். மனிதர் பதறிப்போனார். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று நாலு தடவை சொன்னார். கடைசியில் சுற்றியிருந்த ஜமக்காளத்தையும் சேர்த்துக் கொடுத்து அனுப்பினார். அதை வேண்டாமென்று சொல்ல எனக்குத் தெம்பில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் பெருந்துறை வரை என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன். பேரம் பேசப் போனவன் விலையை ஏற்றிக் கொடுத்துவிட்டு வருகிறான். வீட்டில் சொன்னபோது கவிதா, "பெரிய வள்ளலு" என்றாள். ஜமக்காளம் அவளுக்குப் பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கோட்டைமேடு. உக்கடத்தில் இறங்கி நடந்தேன். காதர் பாயின் வாத்திய ரிப்பேர் கடை எட்டடிக்குப் பத்தடி. ஹார்மோனியத் துருத்தி, தோல் கிழிந்த டோலக், கம்பியில்லாத கிட்டார்கள் எல்லாம் மேலே தொங்குகின்றன. குனிந்துதான் உள்ளே போக வேண்டும், நான் குனிந்தும் தலையில் இடித்துக்கொண்டேன். பாய்க்கு என்னைப் பழைய பழக்கம். ஞாயிற்றுக்கிழமைகூட ஆளை நிம்மதியாக உட்கார விடமாட்டீர்களா என்று திட்டிக்கொண்டே ஸ்டூலைத் தள்ளினார்.

திருப்புவது என்றால் கம்பிகளை இடம் மாற்றிப் போட்டால் தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். கழுத்தின் உச்சியில் கம்பிகள் உட்காரும் சின்னக் கட்டைக்கு நட் என்று பெயர். தடிக் கம்பிக்கு அகலப் பள்ளம், மெலிந்த கம்பிக்குக் குறுகிய பள்ளம் என்று அதில் அராவியிருப்பார்கள். வரிசை மாறினால் பள்ளமும் மாற வேண்டும். பாய் பழையதைத் தட்டி எடுத்துவிட்டு மாட்டெலும்பில் புதிது அராவினார். தோள்வாரை மாட்டும் திருகாணியை மறு கொம்புக்கு மாற்றி, பழைய ஓட்டையை மரமுளை வைத்து அடைத்தார். திருப்பியதும் திருகுகள் மேல்பக்கம் வந்து முழங்கையில் இடித்தன. அதனால் ஒன்றை எடுத்துவிட்டு, ஒயர் செருகும் இடத்தை விளிம்பில் துளைபோட்டு அங்கே மாற்றினார். வேலை சாயங்காலம் வரை இழுத்தது. அதில் பாதி நேரம் உக்கடம் மேம்பாலத்தால் கடைக்குள் விழுகிற தூசியைப் பற்றிய புலம்பல். புதுக் கம்பி, கூலி எல்லாம் சேர்த்து மூவாயிரத்து நூறு ஆனது.

முடிந்ததும் என் மடியில் வைத்து, "வாசிங்க, எங்கியாவது ஜர்ருனு இரையுதான்னு பாத்துக்கலாம்" என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஒரு புளுகு விட்டேன். உக்கடத்திலிருந்து கணபதிக்கு ஐந்து நிமிசத்துக்கு ஒரு பஸ். பாய் ஒரு மாதிரி பார்த்துவிட்டு அவரே எடுத்து கழுத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் அழுத்தித் தட்டிப் பார்த்தார். மணி மாதிரி இருந்தது சத்தம். இனி இதன்மேல் ஒரு குறை சொல்ல முடியாது என்றார். தன் வேலையை மெச்சித்தான் சொன்னார். எனக்கோ, இனிப் பிசகினால் குறை என் கையில்தான் என்று கேட்டது. நடுவில் எங்காவது இரைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அப்போதே தோன்றியது.

திங்கள் முதல் புதன் வரை பட்டறை விட்டு வந்து வாசித்தேன். மெதுவான பாட்டுகள் வந்தன. வேகத்தை ஏற்றினால் வலது கை கேட்கவில்லை. எங்கே போக வேண்டும் என்று மண்டைக்குத் தெரிகிறது, விரல் ஒரு மூச்சு கழித்துப் போய்ச் சேருகிறது. மற்றவர்களோடு சேர்ந்து வாசித்தால் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டேன். கவிதாவும் நன்றாகத்தானே இருக்கிறது என்றாள். அவள் சொன்னதை நம்ப வேண்டும் என்று ஆசையாக இருந்தது, நம்பினேன்.

வியாழக்கிழமை அரைநாள் லீவு. கோவை வடக்கு ஸ்டேசனில் மேட்டுப்பாளையம் பாசஞ்சர் ஏறினேன், காரமடைக்குப் பத்து ரூபாய். பெட்டி முழுக்கக் கறிவேப்பிலை வாசனை. மூட்டைத் துணிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்த ஒரு கறிவேப்பிலை வியாபாரி என் பையைப் பார்த்து, துப்பாக்கியாட்டம் இருக்குதுங்களே என்றார். விவரம் சொன்னேன். அவருக்கு ரங்குவின் குழுவைத் தெரிந்திருந்தது. தேர் நோம்பிக்குக் குடும்பத்தோடு வருவாராம். மேடையில் எந்தப் பக்கம் நிற்பீர்கள் என்று கேட்டார். டிரம்ஸுக்குப் பக்கத்தில் என்று சொன்னேன். சொல்லும்போது நெஞ்சு நிமிர்ந்ததை மறைக்க விரும்பவில்லை. துடியலூர், பெரியநாயக்கன்பாளையம் எல்லாம் எப்படிப் போயின என்றே தெரியவில்லை.

ரங்கு வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில்தான் ஒத்திகை. "ஏன்டா இத்தன நேரம்? மாப்பிள்ளையாட்டம் ஆடி அசைஞ்சு வாரே" என்று வாசலிலேயே திட்டினான். ரங்குவிடம் திட்டு வாங்காதவன் அவன் குழுவில் இல்லை. தாளம் தப்பினால் மைக்கிலேயே பேரைச் சொல்லிக் கழுவி ஊற்றுவான். பேஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பாயின் வேலையைப் பாராட்டினான். கீபோர்டு வாசிக்கும் மாலதி எழுந்து வணக்கம் சொல்லிவிட்டு, "அண்ணா வந்துட்டீங்க, எனக்கு ஒரு கை மிச்சம்" என்று சிரித்தாள்.

முதல் பாட்டு மெதுவான சாமிப் பாட்டு. மாலதி இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் வாசித்தேன். கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. அந்த நாலு நிமிசம் நான் நன்றாக இருந்தேன். இரண்டாவது, தேர் இழுக்கும்போது பாடுகிற வேகப் பாட்டு. பல்லவி முடிவதற்குள் பிந்திவிட்டேன். பிடித்தேன், மறுபடி பிந்தினேன். பாடுகிற பையன் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். ரங்கு மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். வாயைத் திறப்பான், திட்டுவான் என்று காத்திருந்தேன். அவன் திறக்கவில்லை.

சரணத்தில் என் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்டது. மாலதியின் இடது கை மடியிலிருந்து கீபோர்டுக்கு வந்திருந்தது. என்னைப் பார்க்காமல், மிக மெல்ல, சரியான இடத்தில் அந்தப் பெண் தட்டிக்கொண்டிருந்தாள். நான் விரலை எடுத்துவிட்டேன். பாட்டு அது பாட்டுக்குப் போய் முடிந்தது.

டீ வந்தது. ரங்கு ஒரு டம்ளரை எடுத்து என் வலது கையில் கொடுத்தான். பக்கத்தில் உட்கார்ந்து பட்டறையைப் பற்றிக் கேட்டான், கவிதாவைப் பற்றிக் கேட்டான். பிறகு, "சவுண்டு நல்லா இருக்குதுங்க குமாரு. நோம்பித் தேதி முடிவாகட்டும், நானே சொல்லி உடறனுங்க" என்றான்.

வெளியூர்க்காரர்களுக்கு இதில் ஒன்றும் தெரியாது. கோவைத் தமிழ் என்ன மரியாதை, என்ன இனிப்பு என்பார்கள். எங்கள் பக்கத்தில் பெண் பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் சொல்லி உடறோமுங்க, அதாவது சொல்லி அனுப்புகிறோம், என்பார்கள். கைமாற்று கேட்டு இல்லை என்றாலும் அதேதான். முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லிப் பழகாத ஊர். அது போகட்டும். எட்டாம் வகுப்பிலிருந்து டேய் என்று கூப்பிட்டவன் எனக்கு ‘ங்க’ போட்டுவிட்டான். அவன் அதைக் கவனித்தானா என்றுகூட எனக்குத் தெரியாது.

"செரிங்க" என்றேன். என் வாயிலும் அதுதான் வந்தது.

வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் பையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேசன் வரை வந்தான். முன்பெல்லாம் போகும்போது வாசல் பக்கம்கூடத் திரும்ப மாட்டான், போய்த் தொலைடா என்று உள்ளேயிருந்தே கத்துவான். அன்றைக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தான், சன்னலோரமாக இடம் பார்த்து உட்கார வைத்தான், வண்டி நகரும் வரை பிளாட்பாரத்தில் நின்றான். காரமடையிலிருந்து கோவை வடக்குக்கு முக்கால் மணி நேரம்கூட ஆகாது. அன்றைக்கு மட்டும் அந்த வண்டி ஊர் ஊராக நின்று என்னைக் கொன்றது. ரங்கு நல்லவன், அவன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்தக் கொட்டகையில் எல்லார் முன்னாலும் என்னைக் கன்னாபின்னாவென்று திட்டியிருந்தானென்றால், இன்னும் ஒரு வருசம் உட்கார்ந்து பழகியிருப்பேன்.