செடிக்கு இருட்டு வேண்டியிருந்தது

பெல்ட்டில் இன்னொரு ஓட்டை போட்டுக் கொடு என்று என் கணவர் முருகேசன் கேட்டார். கராஜ் தரையில் பெல்ட்டை வைத்து, ஆணியால் அடித்துக் கொடுத்தேன். "கல்யாணத்தப்ப இருந்த இடுப்பு திரும்பி வருதாக்கும்" என்று கேலியும் செய்தேன். சில வாரங்களில் மறுபடியும் ஒரு ஓட்டை கேட்டார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் எங்கள் ஆட்கள் எல்லோரும் ஜிம்முக்குப் போக ஆரம்பித்திருந்த காலம் அது. ஆண்கள் இளைத்தால் பெருமையாகத்தான் பேசிக்கொண்டோம்.

பிறகு தட்டில் சோறு மிஞ்சியது. முருகேசன் தட்டில் ஒரு பருக்கை வைக்கிற ஆள் இல்லை. இரண்டு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிட்டது என்றார். என்டாஸ்கோபி (வாய் வழியாகக் குழாய் விட்டு இரைப்பையின் உள்ளே பார்க்கும் பரிசோதனை) செய்தார்கள். இரைப்பையில் புற்றுநோய். ஸ்கேனில், அது ஏற்கெனவே கல்லீரலுக்குப் போயிருந்தது தெரிந்தது. இதை மெட்டாஸ்டாசிஸ் (புற்று முளைத்த இடத்தை விட்டு வேறு உறுப்புக்குப் பரவிய நிலை) என்கிறார்கள். அறுவை சிகிச்சை செய்து பலனில்லை, கீமோதெரபி (புற்றுச் செல்களைக் கொல்ல நரம்பு வழியாக ஏற்றும் மருந்து) கொடுத்து நோயைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம் என்றார் டாக்டர்.

அப்படி ஒரு டாக்டர் அறையில் இப்போது உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு மருத்துவம் தெரியாது. நான் கோயம்புத்தூரில் விவசாயம் படித்த பட்டதாரி. எச்-4 விசாவில் (வேலைக்கு வந்தவரின் மனைவிக்குத் தரும் விசா, வேலை பார்க்கக் கூடாது) அமெரிக்கா வந்து, நான் படித்த படிப்புக்குத் தொட்டியில் கறிவேப்பிலை வளர்த்துக்கொண்டிருந்தேன்.

நோயைவிட மருந்துதான் முதலில் அவரைச் சாய்த்தது. கீமோ ஏற்றிய வாரம் முழுக்க வாந்தி. குக்கர் விசில் கேட்டாலே பாத்ரூமுக்கு ஓடுவார். நான் கஞ்சி வைத்தேன், மிளகு ரசம் வைத்தேன், தயிரை நீர்க்க அடித்து ஸ்பூனில் கொடுத்தேன். எல்லாம் திரும்பி வந்தது. குமட்டலை அடக்கும் மாத்திரையையே வாந்தி எடுக்கிறவருக்கு நான் என்னத்தைக் கொடுப்பது?

டாக்டர் நிதானமாகப் பேசும் வெள்ளைக்கார அம்மா. ஒருநாள் அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். கலிஃபோர்னியாவில் அந்தச் சட்டம் வந்த புதிது. "கஞ்சா சிலருக்குக் குமட்டலைக் குறைக்கிறது. நான் பரிந்துரைக்கலாம், மருந்துச் சீட்டு எழுத முடியாது. வீட்டில் வளர்த்துக்கொள்ள மாநிலச் சட்டம் விடுகிறது. மத்தியச் சட்டம் விடவில்லை. யோசித்துச் செய்யுங்கள்" என்றார்.

எங்கள் கிரீன் கார்டு பாதியில் நின்றிருந்தது. காரில் வரும்போது முருகேசன் சிரித்தார். "ஊருக்குத் தெரிஞ்சா முருகேசன் பொண்டாட்டி கஞ்சா விக்கறான்னு போஸ்டர் ஒட்டிப்போடுவாங்க கண்ணு."

"மொதல்ல நீங்க சோறு உண்ணுங்க. போஸ்டரை நானே ஒட்டறனுங்க" என்றேன்.

சான் ஃபிரான்சிஸ்கோவில் நோயாளிகளுக்கு இதைத் தரும் இடம் ஒன்று இருந்தது. ஒரு சிறு பொட்டலம் வாங்கி வந்தோம். வாழ்நாளில் பீடிகூடத் தொடாத மனிதர், புகைத்துவிட்டு இருமியே செத்துப்போவார் போலிருந்தது. அதனால் மிச்சத்தை நெய்யில் காய்ச்சி, அந்த நெய்யைத் தோசையில் தடவிக் கொடுத்தேன். ஒரு மணி நேரம் கழித்து சமையலறை வாசலில் வந்து நின்றார். "இன்னொரு தோசை கெடைக்குமா?" என்றார். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். அன்று அவர் சாப்பிட்டது எதுவும் திரும்பி வரவில்லை.

அடுத்த முறை போனபோது அந்த இடம் மூடிக் கிடந்தது. யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயந்து, கதவில் ஒட்டியிருந்த காகிதத்தைப் படிக்காமலே வீட்டுக்கு வந்தோம். அங்கே வாங்கிய பொட்டலத்தில் ஒட்டியிருந்த விதைகளை நான் எறியாமல் வைத்திருந்தேன். வாடகை வீட்டின் பின்பக்கம், ஆறடி மரவேலிக்குள், கஞ்சா போட முடிவு செய்தேன்.

என் படிப்பு முழுக்க யூரியா, டிஏபி என்று ரசாயன உரம்தான். எந்தப் பூச்சிக்கு எந்த விஷம் என்று பரீட்சையில் எழுதி நல்ல மார்க் வாங்கியவள் நான். ஆனால் இது அவர் வயிற்றுக்குள் போகப் போகிற செடி. கடைப் பாட்டிலில் ஒரு சொட்டுகூட அதன் மேல் படக் கூடாது என்று எனக்குப் பிடிவாதம். ட்ரேசி என்ற ஊர்ப் பக்கம் ஒரு பால் பண்ணையிலிருந்து சாணம் அள்ளி வந்தேன். பஞ்சகவ்யம் செய்யக் கோமியமும் வேண்டும். அந்தப் பண்ணைக்காரரிடம் அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அது இல்லாமலே சாணம், பால், தயிர், நெய் கலந்து ஊறப்போட்டேன். மட்கிய இலை, சாணம், மணல், அரிசி உமிச் சாம்பல் என்று மண்ணைக் கையாலேயே கூட்டினேன். சீனக் கடையில் மீன் கழிவு வாங்கி, வெல்லம் போட்டு ஊறுகாய் ஜாடியில் மூடி வைத்தேன். கராஜைத் திறந்தால் குடல் புரட்டும்.

"எனக்கு வாந்தி நிக்க மருந்து பண்றியா, வர்றதுக்குப் பண்றியா?" என்று கேட்டார்.

செடிப் பக்கம் அவர் வரக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கீமோவில் நியூட்ரோஃபில் (கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணு வகை) விழுந்துவிடும். மட்கு உரத்திலும், சரியாக உலராத பூவிலும் இருக்கும் பூஞ்சை அப்படிப்பட்டவரின் நுரையீரலைப் பிடித்தால் உயிருக்கே ஆபத்தாம். நீங்களும் இதை மறந்துவிடாதீர்கள். அவர் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து என்னை மேய்த்தார். அங்கே தண்ணி ஊத்து, இங்கே மண்ணை அணை என்று கையைக் காட்டுவார். எலெக்ட்ரானிக்ஸ் படித்தவருக்கு விவசாயத்தில் அத்தனை அதிகாரம்.

கோடையில் செடி வேலியைத் தொட்டது. மீன் கரைசல் போட்ட மறுவாரம் இலை கருகருவென்று மின்னும். அவர் எலும்பும் தோலுமாகிக்கொண்டிருந்தார். நான் ஊட்டியது செடியின் உடம்பில்தான் ஒட்டியது. சில காலைகளில் அந்தச் செடியைப் பார்க்கவே எனக்கு ஆத்திரமாக இருக்கும்.

ஆகஸ்ட் கடைசியில் கணுக்களில் வெள்ளை மயிரிழைகள் தெரிந்தன. பூ வரப் போகிறது. சாமந்தி மாதிரி இதுவும் குறும்பகல் தாவரம் (இரவு நீளும்போது பூக்கும் செடி). இரவு முழுக்க இருட்டு கிடைத்தால் அக்டோபருக்குள் முற்றிவிடும். அதற்குப் பிறகு வரும் கீமோவுக்கு வீட்டிலேயே நெய் இருக்கும் என்று அவரிடம் சொன்னேன். "அப்ப அன்னிக்கு ஆட்டுக்கறிக் கொழம்பு. கூட தோசை" என்றார். அந்த ஒரு வேளைச் சாப்பாட்டை எதிர்பார்த்துத்தான் நாங்கள் இரண்டு பேரும் பிழைத்துக் கிடந்தோம்.

செப்டம்பர் ஸ்கேன் மோசமாக வந்தது. தீபாவளிக்கு ஊரிலிருந்து அவர் அண்ணனை வரச் சொல்லலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். "அவ்வளவு தூரம் காத்திருக்க வேண்டாம்" என்றார்.

இதைப் பிரபாவிடம் மட்டும் சொன்னேன். முருகேசனோடு வேலை பார்க்கும் ரவியின் மனைவி, சென்னைப் பெண். "அதுக்கென்ன, நாம செப்டம்பர்லயே தீபாவளி செலிபிரேட் பண்ணிடலாம். ஹால் கிடைக்கலன்னா மட்டும் டேட் மாத்தறோம், இதுக்கு மாத்தக் கூடாதா?" என்றாள். உண்மைதான். பொங்கலை ஜனவரி கடைசியிலும் தமிழ்ப் புத்தாண்டை மே மாதத்திலும் கொண்டாடுகிற கூட்டம் நாங்கள். எந்தப் பண்டிகையும் எங்களுக்கு வசதியான சனிக்கிழமைதான் வரும்.

அந்தச் சனிக்கிழமை அவரை செக்கப்புக்குக் கூட்டிப் போய்விட்டுத் திரும்பினால், வீட்டின் பின்பக்கம் முழுக்க சீரியல் பல்பு. வேலி நெடுக, கூரை விளிம்பு நெடுக, கிறிஸ்துமஸ் விளக்குச் சரங்கள். செடியைச் சுற்றியும் பிரபா இரண்டு சுற்று சுற்றியிருந்தாள். ஏதோ அழகுச் செடி என்று நினைத்துவிட்டாள், பாவம். அது என்னவென்று நாங்கள் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை.

முருகேசன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு கண்ணாடிக் கதவருகே உட்கார்ந்தார். சட்டைக்குள் ஆள் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. ஆனாலும் சிரித்தார். ரவி மத்தாப்பு கொளுத்தியபோது குழந்தை மாதிரி கை தட்டினார். ஒரு முறுக்கை எடுத்து வெகுநேரம் நாக்கில் வைத்திருந்தார்.

எல்லோரும் போனதும் நான் ஸ்விட்ச் பக்கம் போனேன்.

"எரியட்டும் உடு கண்ணு" என்றார்.

"நைட்டெல்லாம் எரிஞ்சா பூ நின்னுபோயிருமுங்க. செடிக்கு இருட்டு வேணும்."

"எனக்கு வேண்டாம்" என்றார். "கண்ண மூடுனா ஒரே இருட்டா இருக்குது. முழிச்சாலும் இருட்டா இருந்தா பயமா இருக்குது" என்றார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவர் பயம் என்ற வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

விளக்கு எரிந்தது. அன்று மட்டுமல்ல, தினமும் சாயங்காலம் ஆனதும் அவர் கண் ஸ்விட்சைத் தேடும். செடியைக் கறுப்புத் துணி போட்டு மூடிப் பார்த்தேன். விடியற்காலைப் பனியில் துணிக்குள் ஈரம் கோத்து, ஒரு பூக்கொத்தில் சாம்பல் பூஞ்சை படர்ந்தது. அந்தக் கிளையை வெட்டி எறிந்தேன். துணியையும் எடுத்துவிட்டேன். கொஞ்ச நாளில் பூக்கொத்துகளின் நடுவிலிருந்து பல் விளிம்பில்லாத சின்னச் சின்ன மொழுக்கை இலைகள் கிளம்பின. பூக்க வேண்டிய செடி மறுபடி இலைவிடப் போய்விட்டது. அது ஏன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நான் தினமும் அந்த ஸ்விட்சைப் போட்டேன்.

அந்த ஒரு வேளைச் சாப்பாடு வரவில்லை. கீமோவை நிறுத்தினார்கள். அக்டோபரில், பல்புகள் எரிந்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம், சாய்வு நாற்காலியில் இருந்தபடியே அவர் போய்விட்டார். கண் திறந்திருந்தது. வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே போனார் என்று சொல்லிக்கொள்கிறேன். அப்படிச் சொல்லிக்கொள்ளாவிட்டால் என்னால் இருக்க முடியவில்லை.

துக்க வீட்டில் விளக்குத் தோரணம் ஆகாது என்று பிரபா அழுதுகொண்டே எல்லாவற்றையும் கழற்றினாள். பிறகு நிஜ தீபாவளி வந்தது. பவானியிலிருந்து அம்மா கூப்பிட்டாள். "சாவு உழுந்த வருசம், தீவாளி நமக்கு இல்ல கண்ணு. எண்ணெய்ச்சட்டி வெச்சுப்போடாத" என்றாள்.

"எங்களுக்கு ஆயிப்போச்சும்மா" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. நானும் விளக்கவில்லை.

இருட்டு திரும்பியதும் செடி பூத்தது. அவர் இல்லாத வீட்டில், யாரும் தண்ணீர்கூட ஊற்றாமல், அப்படிப் பூத்தது. அவர் போனதோடு என் விசாவும் போய்விட்டது, ஊர் திரும்ப வேண்டும். கிளம்பும் முன் செடியை வேரோடு பிடுங்கி, நான் கூட்டிய அந்த மண்ணிலேயே புதைத்தேன். கையில் பிசின் ஒட்டியது, சோப்புப் போட்டும் வாசம் போகவில்லை.

இதைப் படிப்பவர் கேட்கலாம், எத்தனை காலத்தில் சரியாகும் என்று. எனக்குக் காலக்கணக்கு குழம்பிக் கிடக்கிறது. காலண்டரில் தீபாவளி வந்தால் அது யாருடையதோ போலிருக்கிறது. என்னுடையது செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை வந்துவிட்டுப் போய்விடுகிறது.

உடம்புக்கு மட்டும் எந்தக் குழப்பமும் இல்லை. அவரை எரித்துவிட்டு வந்த அன்றே, யாரோ கொண்டுவந்த தயிர்சாதத்தின் வாசத்துக்கு எனக்கு வாயில் எச்சில் ஊறியது. அதற்காக என் உடம்பை நான் வெறுத்தேன். ஆனாலும் உட்கார்ந்து சாப்பிட்டேன், மறுசோறும் போட்டுக்கொண்டேன். அவர் அத்தனை பாடுபட்டும் கிடைக்காத ஒன்று எனக்குத் தினமும் மூன்று வேளையும் சும்மா கிடைக்கிறது. பசிக்கும்போதெல்லாம் ஒரு நொடி கையை வயிற்றில் வைத்துக்கொள்கிறேன். பிறகு சாப்பிடுகிறேன்.